நிக்கிற மாத்திரை

அந்தப் பெயரை வைத்தது நான்தான். வேறு யாராவது வைத்திருந்தால் பழியில் பாதியை அவர்கள் தலையில் இறக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் பதினோரு வருடமாக நிற்கிறேன். 'வேலை பார்க்கிறேன்' என்று எழுதாமல் 'நிற்கிறேன்' என்று எழுதுவது கை தவறி அல்ல. காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவோம். நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். வாங்க வருகிறவர்கள் உட்கார மெத்தை வைத்த ஸ்டூல்கள் வரிசையாகக் கிடக்கும். அதில் நாங்கள் உட்கார்ந்தால் கேமராவில் தெரியும், மேல்மாடியிலிருந்து மைக்கில் பிரிவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்தே முட்டி மரத்துப்போகும் வரை நிற்பது எங்களுக்குப் பழகிவிட்டது.

எனக்குப் படிப்பு ஒன்பதாவதோடு சரி. மற்றதெல்லாம் நானாகப் படித்தது. பட்டாணி கட்டிவந்த தாளையும் விடமாட்டேன். அதைவிடப் பெரிய பைத்தியம், மனிதர்கள் பேசுவதைக் கேட்பது. புடவை எடுக்க வருகிறவர்கள் வாயிலிருந்து விழுவதை எல்லாம் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். "பொடவ நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கிட்ட பேச மாட்டேங்குது" என்று ஒரு அம்மா ஒரு மயில்கழுத்துப் பச்சையைத் தள்ளிவிட்டுப் போனார். "சம்மந்தி வீட்டம்மா ஒரு நிமிஷம் மூச்சு விடக் கூடாது, அப்படி ஒண்ணு எடுத்துப் போடுங்க" என்றார் இன்னொருவர். இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கும் வாய் வளர்ந்துவிட்டது. எதற்கும் ஒரு பெயர் வைப்பேன், ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்கவைப்பேன். வாங்குகிறவர்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மேனேஜரே அவர்களை என் பக்கம்தான் அனுப்புவார்.

அந்த வாயைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர், எங்கள் வழக்கத்தில் மச்சான், குவைத்தில் ஒரு பெரிய கடையில் சரக்குப் பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வரும்போது ஒரு பெட்டி வரும். எங்கள் தெருவில் பெட்டி பிரிப்பது என்பது ஒரு சின்னக் கல்யாணம். செண்ட்டு இவர்களுக்கு, சோப்பு அவர்களுக்கு, பேரீச்சம்பழம் எல்லோருக்கும், தைலம் முட்டி வலிக்காரர்களுக்கு. அந்தத் தைலத்தோடு சேர்ந்து வருவதுதான் வலி மாத்திரை. ஒரு பக்கம் அரபியிலும் மறுபக்கம் இங்கிலீஷிலும் எழுதிய பளபளப்பான அட்டைகள். வெளிநாட்டு மாத்திரை என்றால் எங்கள் பக்கத்தில் அது மருந்து இல்லை, சீர். கொடுத்தால் வாங்க மறுக்கமாட்டார்கள். எதற்கு, எத்தனை என்று கேட்கவும் மாட்டார்கள். செண்ட்டு கொடுத்தால் என்ன சேர்த்துச் செய்தது என்றா கேட்பார்கள்?

கடையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒரு அக்கா. குரும்பகரத்திலிருந்து வருவார். ஐம்பதைத் தாண்டிய வயது, ஆனால் மேல் அடுக்குப் புடவையை எக்கி எடுக்கும்போது இருபது வயதுக்காரிகள் வெட்கப்படவேண்டும். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம். ஒரே பெண், அப்போது கல்லூரியில் கடைசி வருடம். அந்தப் பெண்ணுக்குத் தாயும் தகப்பனும் அக்காதான். நான் கோட்டுச்சேரியில் பஸ் ஏறும்போது அக்கா சோற்றுப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். பஸ்ஸில் அந்த இருபது நிமிடம்தான் இரண்டு பேரும் ஒரு நாளில் சேர்ந்து உட்காரும் நேரம்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, மச்சான் வந்துவிட்டுப் போன சமயம், பஸ்ஸில் அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"என்னக்கா, முட்டியத் தேய்ச்சு மாவெடுக்கப் போறீங்களா?"

"போ தங்கச்சி. தீவாளி முடியிறதுக்குள்ள இந்தக் காலு என்னைய விட்டுட்டு தனியா வீட்டுக்குப் போயிரும்போல."

நான் கைப்பையைத் திறந்தேன். "இந்தாங்க. அரபு நாட்டு மாத்திர. ஒண்ணு போட்டீங்கன்னா குதிர மாதிரி நிப்பீங்க."

"குதிர நின்னுக்கிட்டே தூங்குமாம்ல? நானும் தூங்கிட்டேன்னா மேனேஜரு என்னாடி பண்ணுவாரு?"

"எழுப்பாம நெத்தியில தள்ளுபடின்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிருவாரு."

முன்இருக்கையில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்கா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "சூடு கெளப்பாதா? நமக்கு வவுறு கொஞ்சம் சரியில்லாதது."

இங்கேதான் நான் என் மருத்துவத்தைக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் மாத்திரை என்றாலே சூடு. வலி மாத்திரை ரொம்பச் சூடு. சூட்டுக்குக் குளிர்ச்சி காட்டினால் கணக்கு நேராகிவிடும் என்று எல்லோரையும்போல நானும் நம்பினேன். மோர் குடிக்கச் சொல்லியிருந்தாலாவது போகட்டும். நான் சொன்னது வேறு. வயிறு எரிந்தால் சப்புகிற மாத்திரை, இளஞ்சிவப்பில் புதினா வாசனையோடு இருக்குமே, அதில் ஒரு அட்டை எப்போதும் என் பையில் இருக்கும். அதையும் எடுத்து நீட்டினேன்.

"அது அடுப்பு, இது தண்ணி. ரெண்டையும் சேத்துப் போட்டா சூடும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அது நிக்கிற மாத்திர, இது குளுர்ற மாத்திர."

"அடியே, டாக்டருக்குப் படிச்சிருக்க வேண்டியவடி நீ" என்றார் அக்கா.

எனக்கு அது குளிர்ந்தது. அந்த வாக்கியத்தையும் அன்று பில் புத்தகத்தில் எழுதி வைத்தேன்.

ஒரு வாரத்தில் பெயர் கடை முழுக்கப் பரவியது. சுடிதார் பிரிவிலிருந்து, குழந்தைகள் பிரிவிலிருந்து, "அக்கா, ஒரு நிக்கிறது இருக்கா?" என்று காதோரம் வந்து கேட்பார்கள். நான் அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுப்பேன். கத்தரிக்கும்போது மாத்திரையின் பெயர் பாதி என் பக்கமும் பாதி அவர்கள் பக்கமும் போகும், எக்ஸ்பைரி தேதி யார் பக்கமும் இருக்காது. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா, அல்சர் வந்ததுண்டா, காலையில் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை யாரிடமும் கேட்டதில்லை. வாங்க வருகிற அம்மாவிடம் பெண்ணின் நிறம், மாப்பிள்ளையின் ஊர், பந்தலின் விளக்கு வரை கேட்டுப் புடவை எடுத்துப் போடுகிறவள் நான்.

மற்றவர்கள் எப்போதாவது போட்டார்கள். அக்காவுக்கு அது தினப்படி ஆனது. வீட்டில் பெண்ணுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு ஓடிவரும் அவசரத்தில் அவர் காலையில் எதுவும் சாப்பிடமாட்டார். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ. அந்த டீயில்தான் நிக்கிறது இறங்கும். மதியச் சோறு, கூட்டம் விட்டால் மூன்று மணிக்கு. கூட்டம் விடாவிட்டால் நான்கு.

தீபாவளி நெருங்கியபோது ஒரு மாத்திரை போதவில்லை என்றார். மெடிக்கலில் முட்டி வலிக்கு ஒரு செட்டு கேட்டால் வெள்ளைக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்களே, அதில் ஒரு ஆரஞ்சு நிற மாத்திரை இருக்கும். பல வருடமாக நானும் போட்டுக்கொண்டதுதான். அதையே அட்டையாக வாங்கி வைத்திருந்தேன்.

"காலையில அரபு நாடு, மத்தியானம் உள்ளூரு. வேற வேற மாத்திர, ஒண்ணும் பண்ணாதுக்கா" என்றேன்.

நிறம் வேறு, அளவு வேறு, பெயர் வேறு. அதனால் மருந்தும் வேறு. பதினோரு வருடமாகப் புடவை விற்கிறேன், ஒரே நூலை இரண்டு சாயத்தில் முக்கினால் இரண்டு புடவை என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். மாத்திரையில் அதையே நம்பினேன்.

தீபாவளி போய், பொங்கல் போய், தை மாசத்துக் கல்யாணக் கூட்டம் வந்தது. அக்காவின் முகம் மஞ்சள் தேய்த்துக் கழுவாததுபோல வெளிறிக்கொண்டே வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஊர் சுகாதார நிலையத்துக்குப் போனபோது ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்களாம். வேறு மாத்திரை ஏதும் போடுகிறீர்களா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது. தங்கச்சி பஸ்ஸில் கொடுப்பது மருந்தில் சேர்த்தி இல்லை.

"வவுறு எரியுதா?" என்று மட்டும் நான் அவ்வப்போது கேட்பேன்.

"எரிஞ்சுது. ஒன் குளுர்றத போட்டேன், அடங்கிருச்சு."

அடங்கிவிட்டது என்பதை நான் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பின்பக்கக் கிடங்கில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்குறேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"ரெண்டு மூணு நாளா வெளிக்குப் போனா கறுப்பாப் போவுதுடி. தாரு மாதிரி. வாடையும் ஒரு தினுசா இருக்கு. எந்திரிச்சா தல சுத்துது. என்னமோ பயமா இருக்கு."

நான் சிரித்தேன். "இரும்பு மாத்திர போடுறீங்கள்ல? இரும்ப உள்ள தள்ளுனா கறுப்பாத்தான் போவும். பின்ன தங்கமாவா போவும்?"

அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பயம் தெளிந்த சிரிப்பு. "ஒங்கிட்ட கேட்டதே நிம்மதிடி" என்றார்.

என் பெரியவன் வயிற்றில் இருந்தபோது எனக்கும் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், எனக்கும் கறுப்பாகப் போனது. அதை வைத்துத்தான் சொன்னேன். ஆனால் தார்போல ஒட்டவில்லை, வாடை இல்லை, தலை சுற்றவில்லை. அக்கா சொன்னதில் இருந்த அந்த மூன்று வார்த்தைகளை என் காது தள்ளிவிட்டது. மனிதர்கள் பேசுவதை வார்த்தை விடாமல் கேட்கிறவள் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வேன். அந்தப் பேச்சில் எனக்கு நகைச்சுவைக்கு இடம் இருந்தது மட்டும்தான் கேட்டது. அதோடு விட்டேனா? மறுநாள் சாப்பாட்டு அறையில், அக்கா இல்லாத நேரத்தில், ஆள் பெயர் சொல்லாமல் அந்தத் தங்கக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான்காம் நாள் மதியம். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேல் அடுக்கிலிருந்து அரக்குச் சிவப்பு ஒன்றை எடுக்க அக்கா எக்கினார். எக்கிய கை அப்படியே நின்றது. பிறகு ஒரு மடிப்புக் கலைவதுபோல மெதுவாகக் கீழே சரிந்தார். மேலே அடுக்கியிருந்த புடவைகளும் அவர்மேல் சரிந்து விழுந்தன. நெற்றியில் கை வைத்தேன். ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

ஆட்டோவில் என் மடியில் தலை. வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "எம் புள்ளைக்கு போன் பண்ணாத, பரீச்ச."

போன் பண்ணினேன். நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வந்துவிட்டாள். துப்பட்டா ஒரு தோளில் இழுபட, "சித்தி, அம்மாவுக்கு என்னாச்சு சித்தி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பூப்புனித நீராட்டு நடந்தபோது புடவை எடுத்துக் கொடுத்தவள் நான். அன்றிலிருந்து சித்தி.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். அக்காவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். உடனே ஊசி குத்திப் பாட்டில் ஏற்றச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மலம் கறுப்பா போச்சா?"

பெண்ணுக்குத் தெரியவில்லை. நான், "ஆமா டாக்டர். இரும்பு மாத்திர போடுறாங்க" என்றேன்.

"சரி. வலி மாத்திர எதாவது போடுவாங்களா? முட்டி வலி, தலவலி, எதுக்காச்சும்? யோசிச்சுச் சொல்லுங்க, இது முக்கியம்."

"இல்ல டாக்டர்" என்றாள் பெண். "எங்கம்மா மாத்திரையே போட மாட்டாங்க. வலின்னு சொல்லவே மாட்டாங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் தோளில் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பாதி கத்தரித்த அட்டைகள் இருந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், இங்கே வந்து பேனா நிற்கிறது. வெளிநாட்டு மாத்திரையைக் கொடுத்தேன் என்று போலீஸ், கேஸ் என்று பயந்தேனா? அதுவும் கொஞ்சம் இருந்தது. வேலை போய்விடும் என்பதும் இருந்தது. ஆனால் முதலில் வந்தது அது இல்லை. அந்தப் பெண் என் கையைப் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறந்தால் அவள் கையை எடுத்துவிடுவாள் என்று தோன்றியது. ஒரு பெண்ணின் கை என் கையில் இருப்பதற்காக அவளுடைய தாயின் உயிரைப் பணயம் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ரத்த டெஸ்ட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். பாம்பு கடித்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். அவரைப் பார்த்து முடித்தார். பிறகு கை உடைந்த ஒரு குழந்தை. குழந்தைக்குக் கட்டுப்போடும் வரை அழுத அழுகை முழுவதையும் கேட்டேன். பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் ஒரு நிமிடம் வாய் மூடாதவள்.

அக்கா கண் திறந்தார். அந்தப் பக்கமாக வந்த டாக்டரம்மா குனிந்து கேட்டார்: "அம்மா, வலிக்கு எதாச்சும் மாத்திர போட்டீங்களா?"

அக்காவின் கண் டாக்டரம்மாவைத் தாண்டி என்மேல் வந்து நின்றது. அந்த உதட்டில் ரத்தமே இல்லை. "இல்லங்க" என்றார். "ஒண்ணும் போடலங்க."

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, அந்த நிலையில்.

அதற்குப் பிறகும் நான் நேராகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை, "அம்மாவுக்கு ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வா கண்ணு" என்று வெளியே அனுப்பினேன். அவள் கதவைத் தாண்டியதும்தான் நர்சிடம் ஓடினேன். மேஜைமேல் கைப்பையைக் கவிழ்த்தேன். சீப்பு, பஸ் டிக்கெட், தொழுகை முடிந்து எண்ணும் தஸ்பீஹ் மணி, எல்லாவற்றுக்கும் நடுவில் அட்டைகள்.

"இதத்தான் சிஸ்டர் போட்டாங்க. நான்தான் குடுத்தேன். தீவாளிலேருந்து."

அந்த நர்ஸ் திட்டவில்லை. அரபு நாட்டு அட்டையையும் ஆரஞ்சு அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "படிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"இங்கிலீஷு?"

"எழுத்துக் கூட்டிப் படிப்பேன்."

"அப்ப இந்தச் சின்ன எழுத்தப் படிங்க. பெரிய எழுத்து கம்பெனிக்காரன் வச்ச பேரு. சின்ன எழுத்துதான் மருந்து."

படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. இந்த அட்டையிலும் அதேதான், அந்த அட்டையிலும் அதேதான். டைக்ளோஃபெனாக். ஒரே மருந்தை இரண்டு பெயரில் ஒரே நாளில் கொடுத்திருக்கிறேன், வெறும் வயிற்றில், மாதக்கணக்கில். படிக்கத் தெரியாதவள் செய்திருந்தால் அது அறியாமை. பட்டாணித் தாளை விடாத நான் இந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்தார். இளஞ்சிவப்பு அட்டையை விரலால் தொட்டு, "இது எதுக்கு?" என்றார்.

"சூட்டுக்குங்க. அது சூடுன்னு, இது குளுர்ச்சிக்கு…"

"இது எரிச்சல மட்டும்தாங்க அடக்கும். அந்த மாத்திர வயித்தப் புண்ணாக்குறத இது தடுக்காது. அவங்க வயிறு எரியுது எரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நீங்க அது வாயப் பொத்தியிருக்கீங்க." சொல்லிக்கொண்டே எழுதினார். "புண்ணுலேருந்து ரத்தம் கசிஞ்சு கசிஞ்சுதான் ஆளு வெளுத்திருக்காங்க. கறுப்பா போனது ரத்தம். இரும்பு மாத்திரையையும் இதோட சேத்தே போட்டாங்களா?"

"ஆமாங்க."

"இதோட போட்டா இரும்பு உடம்புல சரியா சேராது. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி வேணும்." பிறகு நர்சைக் கூப்பிட்டு, ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்யுங்கள், உடனே, என்றார். போகும்போது திரும்பி, "இப்பவாச்சும் சொன்னீங்களே" என்றார். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். அந்த 'இப்பவாச்சும்' இன்றுவரை என் காதில் இருக்கிறது.

ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். புண் இருந்தது, கசிவும் இருந்தது. உள்ளேயே அதை அடைத்தார்கள். ஒரு வாரம் படுக்கை, பிறகு வீட்டில் ஒன்றரை மாதம். நான் தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா சொன்னதை அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்: இனிமேல் எந்த வலிக்கும் அந்த வகை மாத்திரை கூடாது, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் வயிற்றுப் புண் இருந்தது என்று சொல்லவேண்டும்.

"ஒன் வாயால இதக் கேக்கணும்னு எழுதியிருக்கு பாரு" என்று அக்கா சிரித்தார். "என்னைய நெட்டையா நிக்க வச்சு, நீட்டிப் படுக்க வச்சுட்ட." அவரால் அதைச் சிரிப்பாகச் சொல்ல முடிந்தது. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அந்தப் பெண் வாசல் வரை வந்து என்னை வழியனுப்புவாள். "நீங்க மட்டும் அன்னைக்கு ஆட்டோ புடிச்சுக் கொண்டாரலன்னா எங்கம்மா இல்ல சித்தி" என்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்வாள். நான் அவள் தலையைத் தடவிவிட்டுப் பஸ் ஏறுவேன். வேறொருவருக்குச் சேரவேண்டிய பொருளை மடியில் கட்டிக்கொண்டு போவதுபோல இருக்கும். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

கடையில் விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டு அறையில், தங்கக் கதை சொன்ன அதே இடத்தில். ஒருவரும் சிரிக்கவில்லை. சுடிதார் பிரிவுப் பெண் ஒருத்தி, "அப்ப எங்களுக்கு என்னக்கா குடுத்தீங்க இத்தன நாளா?" என்று கேட்டாள். அதே மாத்திரை என்றேன். வயிறு எரிகிறவர்கள் போய் டாக்டரைப் பாருங்கள், போகும்போது இந்தப் பெயரைச் சொல்லுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் சோற்று டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அக்கா திரும்பி வருவதற்கு முந்தின நாள் மேனேஜரிடம் போய், எங்கள் பிரிவுக்கு உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்றேன்.   "மொதலாளிகிட்ட கேக்குறேன்" என்றார். பிறகு, "இத்தன வருஷமா யாரும் கேக்கலயேம்மா" என்றார். ஒன்று வந்தது. கூட்டம் இல்லாத நேரத்தில் மாறி மாறி உட்காரலாம் என்று அனுமதி. பதினோரு வருடமாக அதைக் கேட்கவேண்டிய வாய், நிற்பதற்கு மாத்திரை கொடுத்து அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பெண்ணுக்குப் பரீட்சை முடிந்து, வேலையும் கிடைத்தது. அதைச் சொல்ல அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கேசரி கிண்டியிருந்தார்கள். தட்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் பழையபடி ஆரம்பித்தாள்: "சித்தி மட்டும் அன்னைக்கு…"

"இரு கண்ணு" என்றேன். தட்டைக் கீழே வைத்தேன். "மாத்திர குடுத்தது நான்தான்."

"தெரியும் சித்தி. அம்மா சொல்லிட்டாங்க. தெரியாமத்தான குடுத்தீங்க."

"அது இல்ல." அக்கா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் நிறுத்தவில்லை. "டாக்டர் கேட்டப்ப என் பையில அது இருந்துச்சு. நீ இல்லன்னு சொன்ன, நான் வாயத் தொறக்கல. அப்புறம் ஒன்னைய தண்ணி வாங்க அனுப்பிட்டுத்தான் சொன்னேன்."

அவள் என் கைப்பையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எவ்வளவு நேரம் சொல்லாம இருந்தீங்க?"

என்னிடம் நிமிடக் கணக்கு இல்லை. "பாம்பு கடிச்ச ஒருத்தரப் பாத்து முடிச்சாங்க. அப்புறம் ஒரு கொழந்தைக்குக் கட்டுப் போட்டாங்க. அவ்வளவு நேரம்" என்றேன்.

"அந்தக் கொழந்த ரொம்ப நேரம் அழுதுச்சே" என்றாள். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் காப்பி இருந்தது. எனக்குத்தான் கொண்டுவந்தாள். சூடாக, சர்க்கரை சரியாக, எந்தக் குறையும் இல்லாத காப்பி.

"எடுத்துக்குங்க" என்றாள்.

இன்றும் பண்டிகைக்குப் போகிறேன், வருகிறேன். வாசலில் நின்று "வாங்க" என்கிறாள். "உக்காருங்க" என்கிறாள். புறப்படும்போது பஸ் ஸ்டாப் வரை கூட வருகிறாள். மரியாதையில் ஒரு எழுத்துக் குறைவில்லை. வாங்க என்பதற்குப் பின்னால் முன்பு ஒரு சித்தி இருக்கும். அந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. நானும் ஒவ்வொரு தடவையும் அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.